பிடித்ததை எங்கே வைத்தீர்கள்?



உங்கள் ஊர்த் தண்ணீரில் துவரம்பருப்பு எளிதில் வேகுமா? எங்கள் படப்பையில், நான் குடியிருக்கும் தெருவின் ஆழ்குழாய் நீரில் அது வேகாது. காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளை வெள்ளையாய்ச் சுண்ணாம்பு படியும். சோப்பு நுரைக்காது. பள்ளிவாசலில் ஒளு செய்ய அமர்ந்தால், ஹவுளின் ஓரத்தில் படிந்திருக்கும் உப்புக் காரை காலில் சொரசொரவென்று உறுத்தும்.

ஊரார் குறைசொல்லும் இந்தத் தண்ணீர்தான் என் குடும்பத்திற்குச் சோறு போடுகிறது என்றால் வியப்பீர்கள். படப்பையிலிருந்து ஒரகடம் வரை முளைத்திருக்கும் தொழிற்கூடங்களிலும், அவற்றில் பணியாற்றுவோருக்காக எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் நீரை மென்மையாக்கும் எந்திரங்களைப் பொருத்திப் பராமரிப்பது என் தொழில். ‘சாப்ட்னர்காரர்’ என்றால் எங்கள் பக்கத்தில் என்னைக் காட்டுவார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதையே செய்துவருகிறேன்.

இத்தொழிலில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற எண்ணம் என் மனத்தின் ஓரத்தில் இருந்தது. அதைக் கலைத்தவள் என் மகள். அவள் கேட்ட ஒரு கேள்வியை உங்களிடமும் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்த கடிதம்

என் மகள் வேதியியலில் முதுகலை முடித்தவள். கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஆய்வு மாணவியாகச் சேர அவளுக்கு இடம் கிடைத்தது. அணு நிலையங்களில் மிஞ்சும் கழிவு நீரிலிருந்து கதிர்வீச்சுப் பொருள்களை மட்டும் பற்றியெடுக்கும் பொருள்களைப் பற்றி ஆராய வேண்டும் என்றாள். கடிதம் வந்த அன்று வீட்டில் இனிப்பு வழங்கியிருக்க வேண்டும். ஆனால், அன்றிரவு எங்கள் வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்களுடன் வசிக்கும் என் மாமியார் முதலில் வாய் திறந்தார்: “நிக்காஹ் முடிக்க வேண்டிய பிள்ளையை அந்த நெருப்புக்குள் அனுப்பவா படிக்க வைத்தீர்கள்?” என் துணைவியார் எதுவும் பேசவில்லை, ஆனால் அவர் முகமும் அதையே கேட்டது. அந்தச் சமயத்தில் செங்கல்பட்டிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் பேச்சிலிருந்தது. செய்தி எப்படியோ அவர்களுக்கு எட்டி, மறுவாரமே இடைத்தரகர் வந்து, “கல்பாக்கம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் யோசிக்கிறார்கள். நாளைக்குக் குழந்தை குட்டி என்று ஒன்று இருக்கிறதல்லவா?” என்று இழுத்தார்.

படப்பையிலிருந்து கல்பாக்கம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஒரகடம், சிங்கப்பெருமாள்கோயில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்விடலாம். அங்கே சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984-லும் இரண்டாம் அலகு 1986-லும் வணிக முறையில் மின்சாரம் வழங்கத் தொடங்கின. இத்தனை ஆண்டுகளாக அதன் அருகில் வாழ்ந்தும், அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பயம் ஒன்றுதான். ‘போ’ என்று சொல்லவும் துணிவில்லை. ‘போகாதே’ என்று சொல்லக் காரணமும் இல்லை.

“நீ என்ன செய்யப்போகிறாய் என்பதை எனக்குப் புரியும்படி சொல் அம்மா. அதன் பிறகு முடிவு செய்வோம்” என்றேன்.

அவள் சிரித்தாள். “நீங்கள் இருபது வருடமாகச் செய்வதைத்தான் நானும் செய்யப்போகிறேன் அத்தா. வாருங்கள், உங்கள் எந்திரத்தைக் காட்டுங்கள்” என்று என்னைக் கொட்டகைக்கு அழைத்துச் சென்றாள்.

கடுகளவு மணிகளின் வேலை

சாப்ட்னர் தொட்டிக்குள் இருப்பது ரெசின். கடுகைவிடச் சிறிய, தேன் நிற மணிகள். ஒவ்வொரு மணிக்குள்ளும் எண்ணிலடங்கா இருக்கைகள் உண்டு. அவற்றில் சோடியம் அமர்ந்திருக்கும். கடினநீர் உள்ளே நுழைந்ததும் அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோடியத்தை எழுப்பிவிட்டு அந்த இடங்களில் அமர்ந்துகொள்ளும். வெளியே வரும் நீர் மென்மையாகிவிடும். இருக்கைகள் எல்லாம் நிரம்பிய பின் எந்திரம் வேலை செய்யாது. அப்போது உப்புக் கரைசலை ஊற்றுவோம். பெருங்கூட்டமாக வரும் சோடியம் கால்சியத்தைத் தள்ளிவிட்டு மீண்டும் இடம்பிடிக்கும். ‘ரீஜெனரேஷன்’ என்று நாங்கள் சொல்வது இதுதான்.

இந்த வித்தையின் மூலம் எங்கே தெரியுமா? 1850-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தாம்சன், வே என்ற இருவர், உரக் கரைசலை மண்ணில் ஊற்றி, மண் அதிலுள்ள அம்மோனியாவை வாங்கிக்கொண்டு பதிலுக்குச் சுண்ணாம்பை விடுவதைக் கண்டார்களாம். உழவன் காலடியிலுள்ள மண்ணே முதல் சாப்ட்னர்! 1935-இல் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இருவர் செயற்கை ரெசினைச் செய்து காட்டினார்கள். இதையெல்லாம் என் மகள் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

“அணுக்கழிவு நீரிலும் இதே கதைதான் அத்தா. ஆனால், ஒரு சிக்கல் உண்டு” என்று தொடர்ந்தாள்.

யுரேனியம் அணு பிளவுபடும்போது பல பொருள்கள் உண்டாகின்றன. அவற்றுள் நெடுங்காலம் தொல்லை தருபவை இரண்டு: சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90. இரண்டும் ஏறக்குறைய 30 ஆண்டுகளில் பாதியாகக் குறைபவை. சீசியம் நம் உடலில் பொட்டாசியத்தைப் போல நடித்துத் தசைகளில் புகும். ஸ்ட்ரான்சியம் கால்சியத்தைப் போல நடித்து எலும்பில் குடியேறும். கழிவு நீரில் இவை இருப்பதோ மிக மிகச் சிறிய அளவு. அதே நீரில் சாதாரணச் சோடியம் கோடி கோடியாக நிறைந்திருக்கும். என் ரெசினை அங்கே வைத்தால் சோடியக் கூட்டமே எல்லா இருக்கைகளையும் அடைத்துக்கொள்ளும். சீசியத்திற்கு இடமே கிடைக்காது. ஒரு கல்யாணப் பந்தலில் நுழைந்த ஒரே ஒரு திருடனைக் கூட்டத்தைக் கலைக்காமல் பிடிக்க வேண்டும் என்றால் எப்படி? அவனை மட்டும் அடையாளம் காணும் காவலாள் வேண்டும்.

அந்தக் காவலாட்களுள் ஒன்று, ஓவியர்களின் வண்ணப்பெட்டியிலிருந்து வந்தது. 1700களின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் உருவான ‘பிரஷ்யன் நீலம்’ என்னும் சாயம் அது. இரும்பும் சயனைடும் பின்னிய ஒரு நுண்ணிய கூண்டு அதன் உள்ளமைப்பு. தண்ணீரில் ஒவ்வோர் அயனியும் நீரால் ஆன ஒரு சட்டையைப் போர்த்திக்கொண்டே திரியும். சோடியத்தின் சட்டை தடிப்பானது, எளிதில் கழலாது. ஆகவே கூண்டின் வாசலில் அது திணறும். சீசியத்தின் சட்டையோ தளர்ந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூண்டுக்குள் நுழையும். நுழைந்தபின் அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்தி அங்கேயே தங்கிவிடும். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஃபெர்ரோசயனைடுப் பொருள்களை நம் நாட்டு அணு நிலையங்களிலும் பயன்படுத்துகிறார்கள். கழிவு நீரில் இவற்றை உண்டாக்கிச் சீசியத்தோடு சேர்த்து வண்டலாகப் படியச் செய்கிறார்கள். நம் பாட்டிமார் கலங்கல் நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்துத் தெளியவைத்ததைப் போன்ற முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சியோலைட் என்ற கனிமமும் உண்டு. தேன்கூடு போன்ற துளைகள் கொண்ட கல். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் உலையில் விபத்து நடந்த பிறகு, அங்கே தேங்கிய நீரைச் சியோலைட் நிரப்பிய கலன்கள் வழியே செலுத்தித்தான் தூய்மைப்படுத்தினார்கள். 2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமாவிலும் அதுவே முதலில் கைகொடுத்தது. நம் திருப்பத்தூர் அருகே சேவாத்தூரில் கிடைக்கும் வெர்மிகுலைட் வகைக் களிமண் கனிமமும் சீசியத்தைத் தன் அடுக்குகளின் ஓரத்தில் இறுகப் பற்றும் இயல்புடையது.

மும்பையின் பாபா அணு ஆராய்ச்சி மையம் இன்னொரு வழி கண்டது. ரெசார்சினாலையும் ஃபார்மால்டிஹைடையும் இணைத்து அவர்கள் உருவாக்கிய ஒரு ரெசின், காரத்தன்மையும் சோடியமும் மிகுந்த கழிவிலும் சீசியத்தைத் தேர்ந்து பிடிக்கிறது. நான் உப்புநீர் விட்டு ரெசினைக் கழுவுவதுபோல, அவர்கள் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டுக் கழுவி அதை மறுபடியும் பயன்படுத்துகிறார்கள்.

இதுவரை எனக்கு எல்லாம் இனிமையாகவே இருந்தது. என் தொழிலும் அணு விஞ்ஞானமும் ஒரே பாயில் அமர்ந்திருப்பதாக நினைத்து உள்ளம் குளிர்ந்தேன். அப்போதுதான் அவள் கேட்டாள்.

அந்தக் கேள்வி

“அத்தா, நீங்கள் ரெசினைக் கழுவுகிறீர்களே, அந்தக் கழுவு நீரை எங்கே விடுகிறீர்கள்?”

நான் உடனே விடை சொல்லவில்லை.

வாசகர்களே, உங்களிடம் மறைப்பானேன்? எங்கள் பகுதியிலுள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான் பொருத்திய எந்திரம் நாள்தோறும் ஒருமுறை கழுவப்படும். அந்த உப்புநீர் குழாய் வழியாகப் பின்புற வாய்க்காலுக்குப் போகும். வாய்க்கால் காரை பூசாத மண்வாய்க்கால். அதையடுத்த ஓட்டு வீட்டில் வயது முதிர்ந்த ஓர் அம்மாள் தனியாக இருக்கிறார். அவர் வீட்டுக் கிணறு ஒரு காலத்தில் அத்தெருவுக்கே குடிநீர் தந்தது. எந்திரம் வைத்து நான்கைந்து ஆண்டுகளில் அந்தக் கிணறு உப்புக் கரித்தது. முதலில் கறிவேப்பிலை மரம் பட்டது. பிறகு மல்லிகைக் கொடி. “காலம் கெட்டுப்போச்சு பாய், பூமியே உப்பாப் போச்சு” என்று அவர் என்னிடமே வருத்தப்பட்டார். “ஆமாம் அம்மா” என்று நானும் சொன்னேன்.

பூமி எப்படி உப்பாயிற்று என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ‘ஆமாம்’ என்றேன்.

அந்த மௌனத்தை என் மகள் புரிந்துகொண்டாள். கடிந்து பேசவில்லை. “நீரிலிருந்து எடுத்தது எங்கேயும் மறைந்துவிடுவதில்லை அத்தா. அது இடம்தான் மாறுகிறது. பிடிப்பதில் பாதி வேலைதான் முடிகிறது. பிடித்ததை எங்கே வைக்கிறோம், யார் காக்கிறார்கள் என்பது மறுபாதி. அங்கே அந்த மறுபாதிக்கும் சேர்த்துத்தான் ஆராய்ச்சி நடக்கிறது” என்றாள்.

கண்ணாடிக்குள் அடைக்கப்பட்டது

அவள் விளக்கியதை இங்கே சுருக்கித் தருகிறேன். அணுக்கழிவு நீரை அதன் வீரியத்தைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கிறார்கள். வீரியம் குறைந்த நீரிலிருந்து பொருள்களைப் பிரித்தெடுத்து, எஞ்சியதை அளந்து பார்த்து, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்த வரம்புக்குள் இருந்தால் மட்டுமே வெளியேற்றலாம். பிடிபட்ட வண்டலைச் சிமெண்டில் குழைத்து இறுகவைத்து, நிலத்தில் கட்டப்பட்ட கான்கிரீட் அறைகளில் வைத்துக் காவல் காக்கிறார்கள். ரெசினிலிருந்து கழுவியெடுத்த வீரியம் மிகுந்த கரைசலைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, எஃகுக் கலன்களில் அடைக்கிறார்கள். உப்பு நீரில் கரையும். கண்ணாடி எளிதில் கரையாது.

‘தூளாக இருப்பதற்கும் கண்ணாடியாக இருப்பதற்கும் அப்படி என்ன வேறுபாடு?’ என்று நினைப்பீர்கள். 1987 செப்டம்பரில் பிரேசில் நாட்டின் கோயானியா நகரில் நடந்ததைக் கேளுங்கள். கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடமொன்றிலிருந்து பழைய கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியின் பகுதியைப் பழைய இரும்பு பொறுக்குவோர் எடுத்துச் சென்று உடைத்தார்கள். உள்ளே சீசியம் குளோரைடுத் தூள். இருளில் நீலமாய் ஒளிர்ந்த அதை அதிசயம் என்று கருதி உற்றார் உறவினருக்கெல்லாம் பங்கிட்டார்கள். ஆறு வயதுச் சிறுமி உட்பட நால்வர் இறந்தனர். 249 பேரின் உடலிலோ உடையிலோ சீசியம் ஒட்டியிருந்தது. ஒரு பிடித் தூள்தான்! அதைத் துடைத்தெடுத்தபோது ஏறத்தாழ 3,500 கனமீட்டர் கழிவு சேர்ந்தது.

அங்கே 46 பேருக்கு மருந்தாகக் கொடுக்கப்பட்டது எது தெரியுமா? அதே பிரஷ்யன் நீலம். குடலுக்குள் இறங்கிய அது சீசியத்தைக் கூண்டில் அடைத்து மலத்தோடு வெளியேற்றியது. 1986 ஏப்ரல் 26 அன்று நிகழ்ந்த செர்னோபில் விபத்துக்குப் பிறகு, மாசுபட்ட புல்லை மேய்ந்த பசுக்களுக்கும் இதைக் கொடுத்துப் பாலிலிருந்த சீசியத்தைக் குறைத்தார்கள். தாய்மார்களே, கழிவு நீரைத் தூய்மையாக்கும் அதே பொருள் பிள்ளைகள் குடிக்கும் பாலையும் காத்தது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

நம் நாட்டிலோ, கழிவிலிருந்து பிரித்தெடுத்த சீசியத்தைத் தூளாக விடாமல் கண்ணாடியில் உருக்கிப் பென்சில் போன்ற எஃகுக் குழல்களில் அடைத்து, இரத்த வங்கிகளிலுள்ள கதிர்வீச்சுக் கருவிகளுக்கு வழங்குகிறார்கள். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு ஏற்றும் இரத்தத்தால் தீங்கு நேராதிருக்க அக்கருவி உதவுகிறது. அதே கழிவிலிருந்து பிரித்த ருத்தேனியம்-106, கண்ணில் வரும் புற்றுநோய்க்கு மருந்தாகிறது.

இதைக் கேட்டபோது என் மாமியாரும் சுவரோரம் வந்து அமர்ந்துவிட்டார்.

மறைக்காமல் சொன்னது

“எல்லாம் சரி, ஆபத்தே இல்லையா?” என்று என் துணைவியார் கேட்டார்.

‘இல்லை’ என்று என் மகள் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். அவள் சொன்னது இது: 2003 ஜனவரி 21 அன்று கல்பாக்கத்தின் மறுசுத்திகரிப்பு ஆலையில், வீரியம் குறைந்த கழிவின் மாதிரியை எடுக்கப்போன இடத்தில், ஒரு வால்வு பழுதானதால் வீரியம் மிகுந்த கழிவு வந்துவிட்டிருந்தது. அதைக் காட்டிக்கொடுக்கும் கருவி அங்கே அப்போது பொருத்தப்பட்டிருக்கவில்லை. ஊழியர் ஆறு பேர் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். செய்தி பல மாதங்கள் கழிந்தே வெளியே தெரிந்தது.

“நடந்ததை மூடி மறைத்தால்தான் அம்மா பயப்பட வேண்டும். அறிந்துகொண்டால் கருவி வைக்கலாம், விதி வகுக்கலாம்” என்றாள். கதிர்வீச்சுப் பணியாளர் ஒருவர் ஐந்து ஆண்டுகளில் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு மேல் பெறக்கூடாது என்பது வரம்பு. மார்பில் அணியும் ஒரு வில்லை அதை அளந்துகொண்டே இருக்கும். கருவுற்ற பெண்ணுக்கு வரம்பு இன்னும் கடுமையானது. பற்றுபொருள்களைச் சோதிக்கும் வேலையில் பெரும்பகுதியைக் கதிர்வீசாத சாதாரணச் சீசியத்தைக் கொண்டே செய்துவிடலாம். இரண்டும் வேதியியலில் ஒன்றுபோலவே நடப்பவை.

எந்தப் பற்றுபொருளாலும் பிடிக்க முடியாதது ஒன்று உண்டு என்பதையும் அவள் மறைக்கவில்லை. டிரிட்டியம் என்பது கதிர்வீசும் ஹைட்ரஜன். அது நீரில் கரைந்த பொருளாக இல்லாமல் நீராகவே ஆகிவிடுவதால், வடிகட்டிக்கு வேறுபாடு தெரியாது. ஃபுகுஷிமாவில் 62 வகைக் கதிர்வீச்சுப் பொருள்களை நீக்கும்படி அமைக்கப்பட்ட பெரிய சுத்திகரிப்பு அமைப்பிலும் டிரிட்டியம் தப்பிவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொட்டிகளில் சேர்ந்த அந்நீரைக் கடல்நீரோடு பெருமளவு கலந்து 2023 ஆகஸ்ட் 24 முதல் கடலில் விடத் தொடங்கினார்கள். அண்டை நாடுகளும் மீனவர்களும் அதை எதிர்த்தது செய்திகளில் வந்தது.

அப்போது மாமியார் ஒரு கேள்வி கேட்டார். படிக்காத அவருடைய கேள்விதான் எல்லோரையும் மடக்கியது. “அந்தச் சிமெண்டு அறையை எத்தனை நாள் காவல் காப்பார்கள்?”

“முந்நூறு வருடம் நன்னி.”

சீசியம் 30 ஆண்டுகளில் பாதியாகும்; 60-இல் காற்பங்கு; 90-இல் அரைக்காற்பங்கு. இப்படிப் பத்துமுறை பாதியானால் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகிவிடும். அந்தக் கணக்கில் வந்ததே முந்நூறு.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஆர்க்காட்டில் சஆதத்துல்லா கான் நவாபாக இருந்தார். அன்று எழுதிய வக்ஃபுப் பத்திரங்களின் கதி என்னவென்று நமக்குத் தெரியும். குளம் எங்கே, தோப்பு எங்கே என்று இன்று தேடுகிறோம். நம்மில் எத்தனை பேருக்குத் தம் பாட்டனாரின் பாட்டனார் பெயர் தெரியும்? பத்துத் தலைமுறைக்கு ஓர் அமானத்தை ஒப்படைப்பது எளிதான காரியமன்று. மாமியார் அதைத்தான் கேட்டார். “அதனால்தான் நன்னி, காக்க வேண்டியது சிறியதாகவும் கரையாததாகவும் இருக்க வேண்டும் என்று பாடுபடுகிறோம். ஒரு குளத்தைக் காப்பதைவிட ஒரு குடத்தைக் காப்பது எளிதல்லவா?” என்றாள் பேத்தி. அது முழு விடையாகாது என்பது அவளுக்கும் தெரியும். ஆனால், மாமியார் தலையசைத்தார்.

முடிவு

மகளைக் கல்பாக்கத்திற்கு நானே அழைத்துச் சென்று விடுதியில் சேர்த்துவிட்டு வந்தேன். செங்கல்பட்டுச் சம்பந்தம் நின்றுபோயிற்று. “என் வேலையை எனக்காகக்கூட ஒருமுறை கேட்டறியாதவர்கள் போகட்டும் அத்தா” என்றாள். என் துணைவியாருக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. எனக்கும் சில இரவுகளில் தூக்கம் கலைவதுண்டு.

ஆனால், எனக்கு வேறொரு வேலை பாக்கியிருந்தது. திரும்பி வந்த மறுநாள் அந்த ஓட்டு வீட்டுக்குப் போனேன். “அம்மா, உங்கள் கிணற்றைக் கெடுத்தது காலமன்று, என் எந்திரம்” என்று சொன்னேன். அந்த அம்மாள் வெகுநேரம் என்னைப் பார்த்தார். “இத்தனை வருஷம் சொல்லலியே பாய்” என்றார். அதைவிடக் கடுமையான சொல்லை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை.

வாய்க்காலுக்குப் போன குழாயை அன்றே அடைத்தேன். ரெசின் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் நாள்தோறும் கழுவும் வழக்கத்தை விட்டு, நீரைச் சோதித்துத் தேவைப்படும்போது மட்டும் கழுவுகிறேன். உப்புச் செலவே பெருமளவு குறைந்தது. எஞ்சும் கழுவு நீரைத் தார்பாய் விரித்த ஆழமற்ற தொட்டியில் விட்டு வெயிலில் காயவைக்கிறேன். ராஜஸ்தான் அணுமின் நிலையத்தில் வீரியம் குறைந்த கழிவு நீரை இப்படித்தான் வெயிலில் ஆவியாக்கியிருக்கிறார்கள் என்று மகள் சொல்லித் தந்தாள். குடியிருப்புச் சங்கத்தார் தொட்டிக்கு இடம் தர முணுமுணுத்தார்கள். கட்டணத்தை நான் உயர்த்தாததால் ஒப்புக்கொண்டார்கள். அந்த அம்மாளுக்கு நாள்தோறும் இரண்டு குடம் நல்ல தண்ணீர் என் வண்டியில் போகிறது. இரண்டு மழைக்காலம் கடந்திருக்கிறது. கிணற்றில் உப்பு சற்றுக் குறைந்திருக்கிறது; குடிக்கும்படி இன்னும் ஆகவில்லை.

உங்கள் குடியிருப்பிலோ, பள்ளிவாசலிலோ, கடையிலோ இத்தகைய எந்திரம் இருக்கலாம். அதன் நீர் மென்மையாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். அதைக் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று என்னைப் போன்றவர்களை ஒருமுறை கேளுங்கள். கேட்டால் நாங்கள் சற்றுத் திணறுவோம். ஆயினும் கேளுங்கள்.

காய்ந்த தொட்டியில் வழித்தெடுத்த உப்பு இப்போது என் கொட்டகையில் ஏழு மூட்டைகளாக இருக்கிறது. மழை படாதபடி பலகைமேல் அடுக்கி, ஒவ்வொன்றிலும் தேதியை எழுதியிருக்கிறேன். அதை வாங்கிக்கொள்ளத் தகுந்த இடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். விடுமுறையில் வரும்போதெல்லாம் என் மகள் முதலில் கொட்டகைக்குள் சென்று மூட்டைகளை எண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறாள்.